தத்தெடுத்த நாயைப் பழக்குவது: பள்ளியில் விடலாமா, பயிற்சியாளரை வரவழைக்கலாமா, நாமே செய்யலாமா?

லட்டு எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் குக்கர் முதல் விசில் அடித்தது. அடுத்த நொடி அவள் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடுக்கில் புகுந்துகொண்டாள், மத்தியானம் வரை வெளியே வரவில்லை. பால் வைத்தோம், இட்லி வைத்தோம், எட்டிப் பார்த்து "வாடா தங்கம்" என்று கூப்பிட்டோம். காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கீழே தரை நனைந்திருந்தது.

அவளுக்கு அப்போது சுமார் இரண்டு வயது. சென்னைத் தெருவில் பிறந்து, வண்டியில் அடிபட்டு, ஒரு காப்பகத்தில் ஆறு மாதம் இருந்த நாட்டு நாய். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு இருக்கும். கூரைக்குக் கீழே வாழ்ந்தே அறியாதவள் என்பதால் மின்விசிறி, மிக்ஸி, டிவியில் கத்துகிற ஆள், வழவழப்பான டைல்ஸ் எல்லாமே அவளுக்குப் புதுசு.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு மாமா, "நாய் ஸ்கூல்ல விட்டுடும்மா, ஒன்றரை மாசத்துல சொன்னபடி கேக்கும்" என்றார். ஆபீஸில் ஒரு தோழி, வீட்டுக்கே வருகிற பயிற்சியாளர் ஒருவரின் நம்பரை அனுப்பினாள். காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கும் பையனோ, "ஒண்ணுமே பண்ணாதீங்கக்கா, ரெண்டு வாரம் அவளை அவ பாட்டுக்கு விடுங்க, அப்புறம் நீங்களே சொல்லிக்கொடுங்க" என்றான்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. புதிதாகத் தத்தெடுக்கிறவர்கள் என்னிடம் கேட்பதும் இதே கேள்வியைத்தான். எது செலவு குறைவு, எது சீக்கிரம் முடியும் என்று கேட்கிறார்கள். எந்த வழியில் நாயின் பயம் குறையும் என்று முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் பயந்துபோன நாய்க்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது எதுவும் தலையில் ஏறாது.

பள்ளியில் விடுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று நாயை அவர்கள் இடத்திலேயே வைத்துப் பழக்கிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தத்தெடுத்த நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். தெருவிலிருந்து காப்பகம், காப்பகத்திலிருந்து உங்கள் வீடு, உங்கள் முகமும் வாசனையும் பிடிபட ஆரம்பிக்கிற நேரத்தில் மறுபடியும் ஒரு கூண்டு, சுற்றிலும் குரைக்கிற முப்பது நாய்கள். இதற்கு நடுவில் அது "உக்காரு" கற்றுக்கொண்டு வந்து என்ன ஆகப் போகிறது?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நாய் கற்றுக்கொள்வது இடத்தோடும் ஆளோடும் சேர்த்துத்தான். அங்கே சிமெண்டுத் தரையில், அந்த ஆள் கைகாட்டினால் உட்காருகிற நாய், உங்கள் ஹாலில் நீங்கள் சொன்னால் உட்காரும் என்று எந்த உறுதியும் கிடையாது. கூண்டுத் தரையிலேயே சிறுநீர் கழித்துப் பழகிய நாய் உங்கள் வீட்டு டைல்ஸிலும் அதைத்தான் செய்யும். கடைசியில் எல்லாவற்றையும் நீங்கள் வீட்டில் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், காசும் போயிருக்கும்.

அங்கே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய பயம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் தங்கள் நாயை இப்படி ஓரிடத்தில் விட்டு வாங்கினார்கள். திரும்பி வந்த நாய் சத்தமே போடவில்லை, வாசலுக்கு ஓடவில்லை, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. "எவ்ளோ அடக்கமா ஆயிடுச்சு பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டினார்கள். நான் தலையைத் தடவலாம் என்று கையைத் தூக்கினேன். வயிறு தரையில் ஒட்ட அப்படியே படுத்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டது. அதை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1967-இல் அமெரிக்காவில் செலிக்மன், மையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. என்ன செய்தாலும் மின் அதிர்ச்சியிலிருந்து தப்ப முடியாமல் வைக்கப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் முயற்சியே செய்யாமல் படுத்துவிட்டன. கொடூரமான சோதனை. ஆனால் அடித்துப் பழக்கிய நாய் ஏன் அத்தனை "அமைதியாக" இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்த பிறகுதான்.

அடித்துப் பழக்குவதையும் தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதையும் நேராக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 2020-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏழு பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 வீட்டு நாய்களை எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தைச் சுண்டி இழுப்பது, கத்துவது, மின் அதிர்ச்சிப் பட்டை போடுவது போன்ற முறைகள் உள்ள பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சியின்போது கொட்டாவி, உதட்டை நக்குவது, உடம்பைக் குறுக்குவது எல்லாம் கூடுதலாக இருந்தன, பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் மன அழுத்த ஹார்மோன் கார்டிசாலும் கூடியிருந்தது. பிறகு ஒரு கிண்ணச் சோதனை வைத்தார்கள். ஒரு பக்கம் வைத்தால் கிண்ணத்தில் தீனி இருக்கும், இன்னொரு பக்கம் வைத்தால் இருக்காது என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்தால் நாய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. தண்டித்துப் பழக்கிய நாய்கள் மெதுவாகப் போயின, நல்லது எதுவும் இருக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவை மாதிரி. அடுத்த வருஷம், 2021-இல், விலங்கு நடத்தையைப் பார்க்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், எந்த நாய்க்கும் எந்தப் பிரச்சினைக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே போதும் என்று வெளிப்படையாக அறிவித்தது. வேல்ஸில் மின் அதிர்ச்சிப் பட்டையை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

"நீதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர் 1947-இல் ஷென்கெல் என்பவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்து அவை சண்டை போடுவதைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. இதை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா குட்டிகள் கொண்ட குடும்பம்தான், தலைமைக்காகச் சண்டை போடுகிற கூட்டம் இல்லை என்று எழுதித் திருத்திக்கொண்டார். அவரே விட்ட பிறகும் நாம் ஏன் பிடித்துத் தொங்குகிறோம் என்று தெரியவில்லை.

அப்படியென்றால் நல்ல பள்ளியே இல்லையா? இருக்கலாம். எந்த நாளும் சொல்லாமல் வந்து பார்க்கலாம், உங்களையும் கூட வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம் என்று சொல்கிற இடமாக இருந்தால் யோசிக்கலாம். அதுவும் தத்தெடுத்து முதல் மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்பேன்.

வீட்டுக்கு வருகிற பயிற்சியாளர் இதைவிட எவ்வளவோ மேல். உங்கள் வீட்டுப் படிக்கட்டு, உங்கள் காலிங் பெல், உங்கள் அம்மாவின் குரல் எல்லாவற்றோடும் நாயைப் பார்ப்பார். நல்லவராக இருந்தால் நாயைவிட உங்களுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுப்பார். ஆனால் யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று போட்டுக்கொள்ளக்கூடிய தொழில் இது, அதனால் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். "நாய் தப்பு பண்ணினா என்ன செய்வீங்க?" "சரியா செஞ்சா என்ன குடுப்பீங்க?" முதல் கேள்விக்கு "ஒரு ஜெர்க் குடுத்தா சரியாயிடும்" என்றோ, இரண்டாவதுக்கு "தீனி எல்லாம் கெட்ட பழக்கம் சார்" என்றோ பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

நான் இரண்டு பேரைப் பார்த்தேன். முதலில் வந்தவர் வந்த பத்தாவது நிமிடம் லட்டுவின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தார். அவள் உறுமினாள், அவர் சங்கிலியைச் சுண்டினார், நான் அன்றைக்கு முழுக் காசையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் வாசல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, லட்டுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மாவோடு பேசிக்கொண்டே, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்துத் தன் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் இது மட்டும்தான் நடந்தது. கிளம்பும்போது லட்டு அவர் செருப்பை மோந்து பார்த்தாள். "இன்னைக்கு இது போதும்க்கா" என்று போய்விட்டார். என்னடா இது, இதற்கா காசு என்று அன்று தோன்றியது. அடுத்த முறை அவர் வந்தபோது அவள் தானாக இடுக்கிலிருந்து வெளியே வந்தாள்.

அவரை மொத்தம் நான்கு முறைதான் கூப்பிட்டோம். மீதியெல்லாம் நாங்களே. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, அதற்கு மேல் வேண்டாம், நாய்க்கு அலுத்துவிடும்.

முதல் வாரம் பயிற்சியே கிடையாது. ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, தண்ணீர், தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. குளிப்பாட்டவில்லை, "நாய் பார்க்க வரோம்" என்ற சொந்தக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் (ஒரு சித்திக்கு இன்னும் வருத்தம்). அவளாக வந்து மோந்தால் மட்டும் கழுத்துக்குக் கீழே மெதுவாகத் தடவுவது, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் இருப்பது. தத்தெடுப்பவர்கள் மத்தியில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பதற்றம் கொஞ்சம் இறங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகும். அனுபவத்தில் வந்த கணக்குதான் இது, சட்டம் இல்லை. லட்டுவுக்கு மூன்றாம் நாளில் எதுவுமே இறங்கவில்லை.

சிறுநீர் விஷயம் எல்லோரும் கேட்பது. காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், இரவு படுக்கும் முன்னும் கீழே கூட்டிப்போனோம், ஒரே இடத்துக்கு. முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே ஒரு துண்டு கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் லிஃப்ட் வாசலில் நின்றதற்குப் பரிசு என்றுதான் அதற்குப் புரியும். உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் வாசனை போகக் கழுவிவிட்டோம். மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்கள் கண்ணில் படாமல் சோஃபாவுக்குப் பின்னால் போக வேண்டும்.

குக்கருக்கு வருகிறேன், ஏனென்றால் ஒரு தமிழ் வீட்டில் நாய் இருக்க வேண்டுமென்றால் இதைத் தாண்டியே ஆக வேண்டும். இரண்டு வாரம் கழித்து, குக்கர் விசிலை மொபைலில் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாத அளவு சத்தத்தில் வைத்தேன். சத்தம் கேட்டதும் ஒரு துண்டு கோழி. மறுபடி சத்தம், மறுபடி கோழி. வரிசை முக்கியம், சத்தம் முன்னால், கோழி பின்னால். மாற்றிச் செய்தால் கோழியைப் பார்த்தாலே ஏதோ வரப்போகிறது என்று பயப்பட ஆரம்பித்துவிடும். அவள் காது பின்னால் போனால் சத்தத்தை இன்னும் குறைத்துவிடுவேன். நிஜக் குக்கர் வைக்கும்போது தம்பி அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்விடுவான், பிறகு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், பிறகு ஹால். ஐந்து வாரம் ஆனது. ஒரு நாள் விசில் அடித்ததும் சமையலறை வாசலில் வந்து நின்று என் கையைப் பார்த்தாள். மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறும் பாவ்லோவின் நாய் என்று பள்ளியில் படித்தது கண் முன்னால் நின்றது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொல் விஷயத்தில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். அம்மா "வாடி" என்பார், தம்பி "கம்" என்பான், நான் "இங்க வா" என்பேன். அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பாள். பயிற்சியாளர் சொன்ன பிறகு "வா" என்ற ஒரே சொல்லுக்கு மாறினோம், இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். சைவ வீடுகளில் என்ன கொடுப்பது என்று கேட்கிறார்கள்: உப்பில்லாத பன்னீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட் எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு இவற்றின் பக்கமே போகாதீர்கள்.

பட்டையா சங்கிலியா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயின் வேண்டாம். நாட்டு நாய்களுக்குத் தலை ஒடுக்கமாக இருக்கும், பயந்து பின்னால் இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும், புதிதாக வந்த நாய் இப்படி ஓடினால் உங்கள் வீடு எங்கே என்று அதற்குத் தெரியாது. நெஞ்சோடு சேர்த்துப் போடும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் இரண்டும் போட்டு, இரண்டிலும் லீஷ் மாட்டுங்கள், பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள். வீட்டில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது என்பது ஒரு வழியே இல்லை. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நேரம் காலமில்லாமல் கட்டிவைப்பதையும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போகாததையும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் 11-ஆம் பிரிவில் வதை என்றே சொல்கிறது.

நாமே பழக்குவதில் ஓட்டையும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறீர்கள் என்றால் இது நடக்காது, அந்த நிலையில் பள்ளியில் விடுவதும் தீர்வில்லை, தத்தெடுப்பதையே கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பகலில் ஒருவராவது இருக்கிற வீடென்றால் தாராளமாக நீங்களே செய்யலாம். தனியாக இருக்கப் பழக்குவதை முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம், ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து கதவைச் சாத்தி ஐந்து நொடி, அப்புறம் அரை நிமிடம், அப்புறம் குப்பை போட்டுவிட்டு வருகிற நேரம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள்.

சில விஷயங்களில் நாமே முயற்சி செய்யக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும். தோல் கிழியக் கடித்தது, சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் போனால் விறைத்து நிற்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் இரண்டாவது வழிதான், உடனே. அதற்கும் முன்னால் மருத்துவர். லட்டுவின் இடுப்பைத் தொட்டால் உறுமுகிறாள் என்றதும் எங்கள் மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், பழைய எலும்பு முறிவு கோணலாகக் கூடியிருந்தது. அந்த முதல் பயிற்சியாளர் அழுத்திய இடம் அதுதான். வலியைத்தான் அவர் திமிர் என்று நினைத்திருக்கிறார். உறுமுவதற்காக ஒருபோதும் திட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். கடித்துவிட்டால் தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆக, சென்னை மாதிரி ஊரில், வீட்டில் பகலில் ஆள் இருக்கிற ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என் யோசனை: முதல் இரண்டு வாரம் எதுவும் செய்யாதீர்கள், மூன்றாம் வாரம் ஒரு நல்ல பயிற்சியாளரை ஒன்றிரண்டு முறை கூப்பிட்டு வழி கேட்டுக்கொள்ளுங்கள், மீதியை நீங்களே செய்யுங்கள். பள்ளிக்குக் கொடுக்க வைத்திருந்த காசில் பாதியை மருத்துவருக்கு ஒதுக்குங்கள், தெருவிலிருந்து வருகிற நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் அடிக்கடி வரும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் மட்டும் தயவுசெய்து எந்த நாயையும் கூட்டிவராதீர்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்களில் புதிதாக வந்தவையும் இருக்கின்றன. பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காப்பகங்களில் அப்போதும் நாய்கள் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

லட்டு இன்னும் லிஃப்டில் ஏறவில்லை. மூன்று மாடி, படியில்தான் இறங்குகிறோம், ஏறுகிறோம். போன வாரத்திலிருந்து, திறந்து வைத்த லிஃப்டுக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்து ஒரு துண்டு முட்டை வாங்கிக்கொள்கிறாள், வாங்கியதும் வெளியே வந்துவிடுகிறாள். வரட்டும். அவள் வெளியே வரும் வரைக்கும் நான் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.